அபிசாய் கையில் நின்றுபோன கொட்டாங்கச்சி

வணக்கம், எல்லாரும் சௌக்கியமா? முழங்கால், முதுகு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? இந்தக் கதை, சுவா என்ற தீவு நகரத்தில் ஒரு பெண் எழுதிய கணினி நிரல் உறைந்து நின்றதிலிருந்து பிறந்தது. சொல்லிவிட்டேன், இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

1

‘காற்று அவள் நெஞ்சுக்குள்ளும் சீறிக்கொண்டு...’ (வேண்டாம். காற்று வெளியிலேயே அடிக்கட்டும்.)

லோசேனா, மீன்பிடிப் படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் பைதான் நிரலை எழுதியவள். படகுக்கு ஒரு டாஸ்க், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை. செய்தி அனுப்பு, பதில் வரும்வரை தூங்கித் தூங்கி எழுந்து பார். மதியம் வானம் கறுத்ததும் நிரலை ஓடவிட்டாள். முதல் படகுக்குச் செய்தி போனது. அதோடு சரி. கணவன் செமிசியின் படகோ வரிசையில் கடைசி.

“எல்லாத்தையும் டாஸ்க் ஆக்கிட்டேனே! ஒண்ணா ஓட வேண்டியதுதானே? என்ன கேடு இதுக்கு?”

2

(இங்கே விளக்கம் சொல்ல ஒரு மேதையைப் பாதி எழுதினேன். தாடிகூட வைத்தேன். அடித்துவிட்டேன்.)

அலுவலகப் பாயில் யங்கோனா என்ற வேர்ச்சாற்றைச் சேர்ந்து குடிக்கும் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஆள் எத்தனை பேரானாலும் கொட்டாங்கச்சி ஒன்றுதான். ஒரே மடக்கில் குடித்துத் திருப்பித் தந்தால்தான் அடுத்தவருக்கு ஊற்றுவார்கள்.* கடாவுத் தீவுக்காரன் அபிசாய் அதைக் கையில் பிடித்தபடி மாமியார் கதையை ஆரம்பித்தான்.

“டேய் கடாவுக்காரா, குடிச்சுட்டுக் குடுடா!” கத்தியது லோசேனாதான். “உன் மாமியார் எங்கயும் ஓடிட மாட்டாங்க. எங்களுக்குத் தொண்டை காயுது!”

“இரு அக்கா, நல்ல கட்டம் வருது.”

திறந்த வாய் மூடாமல் அவள் திரையைப் பார்த்தாள். அங்கேயும் இதே கூத்து! ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க்தான் ஓடும். அது காத்திருக்கும்போது ‘அவெய்ட்’ என்ற கட்டளையைச் சொல்லி வழிவிட்டால்தான் மற்றது ஓடும். அவள் எழுதியிருந்ததோ சாதாரணத் தூக்கம். முதல் டாஸ்க் யாருக்கும் வழிவிடாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

‘அவெய்ட்’ போட்டு, வழிவிட்டுத் தூங்கும் தூக்கமாக மாற்றினாள். செய்திகள் பறந்தன.

* குடித்ததும் மூன்று தட்டு கைதட்டல். அபிசாய்க்கு அன்று யாரும் தட்டவில்லை.

3

பதில்கள் வரிசையில்லாமல் வந்தன. செமிசியுடையதும் வந்தது: “மீன் வெறியா கடிக்குது, லோ. இன்னும் கொஞ்ச நேரம்.”

“இந்த மனுஷன கட்டினேன் பாரு!”

முடிவு ஒன்று: செமிசி உடனே படகைத் திருப்பி... (பொய். அவனை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: அவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடி... முதல் படகு இன்னும் பதில் சொல்லவில்லையே, அதை யார் கூப்பிடுவது?

முதல் படகைக் கூப்பிட ஒரு கை ரேடியோவில், செமிசியைக் கூப்பிட மறு கை செல்பேசியில் என்று அவளை நிறுத்தியிருக்கிறேன். காத்திருக்க நிரலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள், அவளுக்குத்தான் வரவில்லை. யாருக்காகவோ காத்திருந்தபோது நீங்கள் மற்ற வேலையைப் பார்த்தீர்களா, அப்படியே உட்கார்ந்துவிட்டீர்களா? எழுதிப் போடுங்கள். லோசேனாவின் எந்தக் கை முதலில் கூப்பிடட்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.