பங்குனியில் மூட்டிய கணப்பு

திருப்பூரில் குளிர் காய்வதற்காக வீட்டுக்குள் அடுப்பு கட்டிய ஒரே ஆள் லிங்கசாமிதான். மார்கழியிலும் விசிறி சுற்றுகிற ஊரில் இது என்ன கூத்து என்று பல்லடம் ரோடு முழுக்கச் சிரித்தார்கள். பனியன் கம்பெனியில் நாலு காசு சேர்ந்ததும் கிறுக்கும் சேர்ந்துவிட்டது என்றார்கள். அவர் மனைவி மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அதைக் கேட்டதே அவள்தான்.

கல்யாணமான புதிதில், ஐம்பத்தாறாம் வருஷம், கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பனியன் ஆர்டர் பேசப் போன லிங்கசாமி அவளையும் கூட்டிப் போயிருந்தார். மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோனது. எஸ்டேட் வாட்ச்மேன் ஆளில்லாத பங்களா ஒன்றைத் திறந்துவிட்டு, சுவருக்குள் இருந்த பெரிய அடுப்பில் கட்டையை அடுக்கி நெருப்பு மூட்டினார். "இதுதானுங்க கணப்பு. குளிர் காயறதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிங்கசாமி ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டினார். அவள் உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்தார். மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றது. அன்றைக்கு என்ன பேசினோம் என்று அவள் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பேசாமலே இருந்திருப்பார்கள்.

ஊர் திரும்பியதும் அந்தக் கை கைவிட்டுப் போனது. வீடு நிறைய ஆட்கள். மாமியார் சுப்பாத்தாள், கொழுந்தன்மார், பொழுது விடிந்தால் வந்து உட்காரும் நூல் புரோக்கர்கள். நாலு பேர் பார்க்கப் புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டி உட்காருவது அந்த வீட்டில் வழக்கமே இல்லை. ஆண்கள் முன்கூடத்தில் இருந்தால் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச வேண்டும். தனியாக இருக்கும்போது கேட்கலாமே என்றால், தனியாக இருக்கும்போது நூல் விலை இருந்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே வெட்கம் இருந்தது.

ஐம்பத்தெட்டில் புது வீடு கட்டினார்கள். "உனக்கு இந்த ஊட்டுல என்ன வேணும்?" என்று லிங்கசாமி கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "கோத்தகிரியில இருந்துச்சுங்களே, அந்தக் கணப்பு." அவள் கேட்டது பக்கத்தில் உட்காரும் மனுஷனை. அதைக் கதவு வழியாக எப்படிக் கேட்பது?

நாச்சிமுத்துக் கொத்தனார் கட்டிக் கொடுத்தார். செங்கல்லில் வளைவான வாய், மேலே தேக்குப் பலகை, கூரையைத் தாண்டிப் புகைபோக்கி, முன்னால் இரண்டு பிரம்பு நாற்காலிகள். பலகையில் ரேடியோ ஏறியது. நாற்காலிகளில் நூல் புரோக்கர்கள் ஏறினார்கள். லிங்கசாமி தை மாதத்தில் நெருப்பு மூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். நடுவில் ஒருமுறை திரும்பிக் கதவைப் பார்த்தார். காப்பி கேட்கிறார் என்று மயிலாத்தாள் உள்ளே ஓடினாள்.

வருஷங்கள் போயின. மத்தியானத் தூக்கத்தில் அவளுக்கு அடிக்கடி அந்த மூடுபனி வரும். பின்கட்டில் பனியன் மெஷின்கள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் விழுந்த இடத்தில் பஞ்சுத் தூசி மெதுவாக மிதந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகினால், நடை, கூடம், தொட்டித் தண்ணீர் எல்லாம் பனிக்குள் மறையும். எங்கோ கட்டை வெடிக்கும் சத்தம் கேட்கும். விழித்துப் பார்த்தால் ஒரு கை மட்டும் சூடாக இருக்கும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் எதிலும் படாமல் வைத்திருப்பாள்.

அறுபத்தாறில் பம்பாய் மெஷின் ஏஜெண்ட் ஒருவர் வெளிநாட்டுப் பத்திரிகையை விட்டுப் போனார். அதிலிருந்த கணப்புப் படத்தில் வளைவும் இல்லை, பலகையும் இல்லை. நெருப்பு கூடத்து மூலைக்கு நகர்ந்து இரண்டு பக்கமும் திறந்திருந்தது. சுவரோரம் நீளமாக ஒரு கல் திண்டு. லிங்கசாமி பழையதை இடித்துவிட்டு அதேபோல் கட்டினார். "இப்ப இதுதானுங்க மாடல்" என்று எல்லோரிடமும் சொன்னார். திண்டில் பனியன் மூட்டைகள் உட்கார்ந்தன. மூட்டை இல்லாத நேரம் கொழுந்தன்மார் உட்கார்ந்தார்கள். லிங்கசாமி கதவைப் பார்த்தார். காப்பி வந்தது.

எழுபத்து மூன்றுக்குள் சுப்பாத்தாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கொழுந்தன்மார் தனித்தனி வீடு போனார்கள். பிள்ளைகள் உடுமலைப்பேட்டையில் ஹாஸ்டலில். அந்த வருஷம் வந்த இன்னொரு பத்திரிகையில் நெருப்பு சுவரையே விட்டுவிட்டு நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. கூரையிலிருந்து கறுப்பு இரும்புப் புனல் ஒன்று கவிழ்ந்து தொங்க, அதன் கீழே வட்ட மேடை. ரத்தினசாமியின் லேத் பட்டறையில் அப்படியே செய்து மாட்டினார்கள். செய்து முடிப்பதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு அடுப்பின் மேல்தான் ஆசை, என் மேல் இல்லை என்று மயிலாத்தாள் மனசுக்குள் அழுதே விட்டாள்.

அன்று சாயங்காலம் பவர் கட். கம்பெனிக்கு லீவு விட்டாயிற்று. மெஷின் சத்தம் இல்லாத வீடு வேறு யாருடைய வீடோ போலிருந்தது. லிங்கசாமி தனியாகக் குந்தி உட்கார்ந்து கட்டையைப் பற்றவைத்தார். பிறகு திரும்பிக் கதவைப் பார்த்தார். பழக்கப்படி அங்கே நின்றிருந்த அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"காப்பி வேண்டாம்" என்றார்.

அவள் நின்றாள்.

"இதுவும் கோத்தகிரியில இருந்த மாதிரி இல்லையா புள்ள?"

"ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?"

"மொதல்ல ரெண்டு சேர் போட்டேன். நீ வரலை. சேரு தனித்தனியா இருக்குது, அதான் உனக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நீளமாத் திண்டு போட்டேன். அதுக்கும் வரலை. இது சுத்தியும் தொறந்து கெடக்குது, எந்தப் பக்கம் வேணும்னாலும் உக்காரலாம். இதுக்கும் நீ கதவுகிட்டயே நின்னா, நான் இனி என்னத்தைத்தான் கட்டறது?"

மயிலாத்தாளுக்குக் கோபமாக வந்தது. சிரிப்பும் வந்தது. இத்தனை வருஷம் வீணாய்ப் போனதே என்றும் இருந்தது.

"நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் நின்னனுங்க."

"ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேனே."

"காப்பிக்குன்னு நெனைச்சனுங்க."

லிங்கசாமி அந்தக் காப்பியையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவர்போல் இருந்தார். பிறகு எழுந்து போய் ஜமுக்காளத்தை எடுத்து வந்து விரித்தார். உட்கார்ந்து, பக்கத்தில் தட்டினார்.

அவள் நிலைப்படியைத் தாண்டி வந்து உட்கார்ந்தாள். அவர் அவள் கையை எடுத்துக்கொண்டார். விசிறி போடக் கரண்ட் இல்லை. நெருப்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது. இருவருக்கும் வேர்த்து ஊற்றி ஜமுக்காளம் நனைந்தது. தெருக்கதவு திறந்தே கிடந்தது. ரோட்டில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கையை விடவில்லை.