பதினேழாம் நம்பருக்குக் குறையே இல்லை

பஸ் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பயணிகள் குறையை எழுதட்டும், அதை வைத்தே சேவையைச் சீராக்குவோம் என்று நிர்வாகம் தம்பட்டம் அடித்திருந்தது. குறை வந்த பத்து நிமிடத்தில் பதில் போட்டுவிடுவாள்: 'வருந்துகிறோம், கவனிக்கிறோம்.' பதில் போனதுமே அந்தக் குறை 'தீர்ந்தது' என்று பட்டியலில் தானாக ஏறிவிடும். என்ன கண்றாவி ஏற்பாடோ! வேகத்துக்காக அவள் இரண்டு முறை பாராட்டு வேறு வாங்கியிருந்தாள்.

அவள் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது பதினேழாம் நம்பர் ஒன்றுதான். அதில் ஓடுவதே இரண்டு பஸ், அதுவும் வந்தால் வந்தது.

திங்கட்கிழமை மேலாளர் பட்டியலைக் காட்டினார். குறை இல்லாத தடத்திலிருந்து ஒரு பஸ்ஸை எடுத்து, குறை மிகுந்த தடத்துக்குக் கொடுக்கப்போகிறார்களாம். பதினேழுக்கு நேரே பூஜ்யம். எடுக்கப்போவது காலை பஸ். முந்நூறு பேர் எழுதினார்களே என்று அவள் பதறினாள்.

"எழுதினாங்க. எல்லாத்தையும் நீங்கதானேம்மா தீர்த்து வச்சீங்க?"

கேலி இல்லை. மனிதர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். கெஞ்சிக் கூத்தாடியபின், சாயங்காலத்துக்குள் ஐம்பது பேர் புதிதாகக் குறை எழுதினால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்.

பழைய ஆட்களுக்கு ஒவ்வொருவராக எழுதினாள். எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, ஆளை விடுங்கள் என்றார் ஒருவர். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. அவர்களை என்னவென்று குறை சொல்வது? கடைசியில் அக்காவுக்கே போன் போட்டாள். பஸ் நிற்கப்போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பதினேழைப் பற்றி எல்லாரையும் எழுதச் சொல், இங்கே எனக்கு நெருக்கடி என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

நாலரைக்குப் பக்கம் நிரம்பி வழிந்தது. ஐம்பத்திரண்டு பேர். டயாலிசிஸ் வார்டையே அக்கா எழுத வைத்திருந்தாள். இவள் கண் கலங்க ஒவ்வொன்றாகத் திறந்தாள். நேரத்துக்கு வரும் பஸ். அருமையான சேவை. எல்லாவற்றுக்கும் மேலே அக்கா: "பதினேழுல ஒரு குறையும் இல்ல. பதில் போடுற பொண்ணு தங்கமான பொண்ணு. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

மேலாளர் படித்துப் பூரித்துப்போய், காலை பஸ்ஸை எடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா போனில் வந்தாள். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையேடி?"

"ஒண்ணும் ஆகலக்கா," என்றாள்.