இடது குதியின் அரை விரல்

அது தொண்ணூற்றாறாம் ஆண்டா, தொண்ணூற்றேழா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. மாதத்திலும் பிசகியிருக்கலாம். பாலாம்பிகையே ஒருமுறை மாசி என்றாள், இன்னொருமுறை மார்கழி என்றாள். பனி கொட்டியது மட்டும் உறுதி.

கெல்டன் கம்பனி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு மரக்கொட்டிலில் தொடங்கியது. காடு வெட்டுபவர்களுக்குச் சப்பாத்துத் தைத்தார்கள். யுத்தம் வந்தது, பட்டாளத்துக்குத் தைத்தார்கள், கொட்டில் மூன்று மாடியானது. பிறகு வெளிநாட்டு மலிவுச் சப்பாத்துகள் வந்து குவியவே, கனடாவின் மொன்றியலில் சபனெல் வீதியில் ஒரு தொழிற்சாலையை வாங்கிப் பனிக்காலச் சப்பாத்தில் பிழைக்கப் பார்த்தார்கள். அதுவும் இழுத்து மூடும் நிலைக்கு வந்தபோதுதான் 'கெல்டன் ஈஸி' பிறந்தது. குதியின் பின்னால் சின்னதாக ஒரு ரப்பர் விளிம்பு. மற்றக் காலால் அதை மிதித்தால், குனியாமல் கை வைக்காமல் சப்பாத்து கழன்றுவிடும். இன்று நாற்பது நாடுகளில் விற்கிறார்கள்.

முதல் விளிம்பை ஒட்டியவள் பாலாம்பிகை.

கோயில் வாசலில் அருச்சனைத் தட்டோடு நிற்கிறவள் சப்பாத்தைக் கையால் தொட்டால் திரும்பக் கை கழுவ வேண்டும். குழாயடியில் எப்போதும் வரிசை. ஆகவே எல்லாரும் ஒரு காலால் மறுகால் குதியை மிதித்துத்தான் கழற்றுவார்கள். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தமிழர்களின் சப்பாத்துகளில் குதி நசுங்காத ஒன்றைக் காண முடியாது. தொழிற்சாலையின் ஒட்டும் பகுதியில் வேலை செய்த பாலாம்பிகை, பனி கொட்டிய அந்த நாளில் கழிவு ரப்பரில் இரண்டு துண்டு வெட்டித் தன் சப்பாத்தில் ஒட்டினாள். சூப்பர்வைசர் விமலநாதனிடம் காட்டினாள்.

"நல்லாயிருக்குப் பிள்ளை. உமக்கு இங்கிலீஸ் ஓடாது. நான் கொண்டுபோய்க் காட்டுறன்."

காட்டினார். ஒரு மாதத்தில் மனேஜரானார். அவளை அந்த விளிம்பு ஒட்டும் மேசையிலேயே உட்காரவைத்தார்கள். நாளுக்கு முந்நூறு சோடி. தம்பியைக் கனடாவுக்கு எடுப்பதற்கு அவளுக்கு வேலைக் கடிதம் வேண்டியிருந்தது. கடிதத்தில் கையெழுத்து வைப்பவர் விமலநாதன். அவள் வாயைத் திறக்கவில்லை. தொழிற்சாலை மூடப்படும்வரை, பதினாறு வருடம், ஒவ்வொரு விளிம்பையும் உருளையால் அழுத்தும்போது அவருடைய முகத்தை நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

சென்ற ஆண்டு கம்பனி நூற்றாண்டு மலர் போட முடிவெடுத்தது. மொன்றியல் அலுவலகத்தில் அதைத் தொகுத்த கஜந்தினி, பாலாம்பிகையின் வீட்டுக்கு வந்து போனை ஒலிப்பதிவில் போட்டாள்.

"அன்ரி, விமலநாதன் அங்கிள் இந்த டிசைனைக் கண்டுபிடிக்கேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்களாம். அவர்தான் உங்கட பேர் தந்தவர்."

பாலாம்பிகை ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அவள் பேசாமல் இருந்ததை அந்த மனிதர் சம்மதம் என்றே எடுத்திருக்கிறார்!

"எல்லாம் சொல்லுறன் பிள்ளை. ஆனா விமலநாதன் அண்ணைக்கு முன்னால வச்சுத்தான் சொல்லுவன்."

சனிக்கிழமை இல்-பிசாரில் விமலநாதனின் வீட்டில் கூடினார்கள். அவருடைய மனைவி சிவாஜினி தேத்தண்ணியும் சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் வைத்தாள்.

"வாரும் தங்கச்சி! பாத்தீரே கஜந்தினி, இதெல்லாம் என்ரை கையில வேலை பழகின ஆக்கள்." விமலநாதன் சாய்ந்து உட்கார்ந்து, மகள் சப்பாத்துக் கழற்றப் பட்ட பாட்டைக் கண்டு தனக்கு யோசனை வந்த கதையைச் சொன்னார். அழகாகச் சொன்னார்.

"அண்ணை, ஒரு சின்னச் சந்தேகம்," என்றாள் பாலாம்பிகை. "இடது சப்பாத்தில விளிம்பு அரை விரல் அகலம் கூட. ஏன்?"

"அது மெய்னில வச்ச மெஷின் அளவு."

"இத்தனை வருசமா ஒரே பக்கம் பிழை விடுற மெஷினே?"

"டிசைன் எண்டால் அப்பிடித்தான். உமக்கு விளங்காது."

"ஓம், நான் மண்டு. இந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்கோவன்."

விமலநாதன் பற்றிஸ் தட்டைக் கஜந்தினியின் பக்கம் நகர்த்தினார். சிவாஜினி புருஷனைப் பார்த்தாள்.

"கஜந்தினி, வாசலில போய் உம்மட கெல்டனைப் போட்டுக் கழட்டும். வலதை முதல்," என்றாள் பாலாம்பிகை.

கஜந்தினி போனாள். வலது விளிம்பை இடது சப்பாத்தின் முனை மிதித்தது, சட்டென்று கழன்றது. இடதை மிதிக்கும்போது வலது காலில் சப்பாத்து இல்லை, வெறும் காலுறை. ஆனாலும் வழுக்கவில்லை. கால் விரல்கள் பதிய அங்கே இடம் இருந்தது.

"கோயிலுக்க வலது காலைத்தான் முதல் வைப்பம். அதால வலதைத்தான் முதல் கழட்டுவம்," என்றாள் பாலாம்பிகை. "மெய்னில ஆர் அண்ணை வலது காலை வச்சுக் கோயிலுக்குப் போறது?"

"மோ(ன்) தியூ!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுச் சிரித்தாள் கஜந்தினி. "அங்கிள், இது உங்களுக்குத் தெரியாதே?"

கஜந்தினி நடந்ததை எழுதி அனுப்ப, இரண்டு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இருவரும் ஒத்துக் கையெழுத்திட்டால் இரண்டு பெயரையும் போடுவார்கள். தகராறு என்றால் எந்தப் பெயரும் வராது.

விமலநாதன் அன்றே போன் எடுத்தார்.

"தங்கச்சி, ரெண்டு பேரும் வரட்டும். உம்மட பேரை முதல் போடச் சொல்லுறன். நூற்றாண்டு விழாவுக்கு மெய்னுக்குப் போறன் எண்டு சனத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டன். பேரப்பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுவன்?"

அவள் போனைக் காதோடு வைத்தபடி இருந்தாள். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அதை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போலிருந்தது.

"தங்கச்சி, இருக்கிறீரே?"

"இருக்கிறன். கையெழுத்து வைக்கமாட்டன்."

அடுப்படியில் நின்ற அவளுடைய கணவர் ஆனந்தராசா பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தார். "உமக்கு விசரே? புத்தகத்தில உம்மட பேரும் எல்லோ போகுது!"

"போகட்டும்."

"இவ்வளவு காலம் இதுக்குத்தானே புழுங்கினீர்?"

"பேருக்குத்தான் புழுங்கினன். ஆனா அந்தாளின்ரை பேருக்குப் பக்கத்தில என்ரை பேர் இருந்தா, பாக்கிற சனம் ரெண்டு பேரும் சேந்து செய்தது எண்டெல்லோ நினைக்கும். நாங்கள் சேந்து ஒண்டும் செய்யேல்லை."

மலர் வெளிவந்தது. கெல்டன் ஈஸி பற்றிய பக்கத்தில் 'எங்கள் வடிவமைப்புக் குழு' என்று மட்டும் இருந்தது. விமலநாதனுக்கு விழா அழைப்பு வரவில்லை. அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், இந்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு இப்போது மகனோடு ரொறன்ரோவில் இருக்கிறார். சிவாஜினியும் அங்கேதான்; மொன்றியலுக்கு வந்தாலும் பாலாம்பிகையோடு கதைப்பதில்லை. கஜந்தினி வேறு கம்பனிக்கு மாறிவிட்டாள். ஆனந்தராசா ஓய்வு பெற்றுவிட்டார். பாலாம்பிகை ரொக்ஸ்பரோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறாள்; செய்ததற்கு அவள் வருந்தவில்லை.