வதிவிட உரிமை

2017 பெப்ரவரி 11 அன்று, ஐக்கிய அமீரகத்தின் அல் ஐனுக்குத் தெற்கே உள்ள ஒரு நீரேற்று நிலையத்தின் டியூட்டிப் புத்தகத்தில், 'வால்வில் கசிவு. ஒரு மான்குட்டி தண்ணீர் குடித்தது' என்று எழுதப்பட்டது.

எழுதியவர் பம்ப் ஆபரேட்டர் பத்மநாதன், சுன்னாகத்துக்காரர். கசிவை அன்றே அடைத்திருக்க வேண்டும். அவர் அடைக்கவில்லை. மறுநாளிலிருந்து கசிவைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு மானைப் பற்றி மட்டும் எழுதினார். அந்தக் குறிப்புப் பத்தியை யாரும் படிப்பதில்லை.

வருடக் கடைசியில் விரலளவு கொம்பு வந்தது. அடுத்த வருடம் ஒரு கிழட்டு ஆண் மான் முட்டித் துரத்தியதில் இடது காது பாதி போயிற்று. கொரோனாவுக்கு ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த மாதங்களில், கிழிந்த காதோடு திரும்பி வந்து அந்தக் கிழத்தையே விரட்டியது. அன்று முதல் நிலையத்துக்கு எதிரே இருந்த மேடு அதனுடையது. தினமும் காலையில் மேட்டில் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுவிட்டு மேயப் போகும்.

"அண்ணே, ஒங்க மவன் பஞ்ச் பண்ணியாச்சா?" என்பான் கூட வேலை செய்த டெக்னீஷியன் மரியராஜ், குளச்சல்காரன்.

"அவன் நேரத்துக்கு வந்திட்டான். நீதான் அரை மணித்தியாலம் பிந்தி."

2025இல் அந்த மேட்டில் இரண்டாவது பம்ப் கூடம் கட்டப்போவதாகக் கம்பெனி சொன்னது. கட்டினால் இருவருக்கும் இன்னும் இரண்டு வருட விசா. இல்லாவிட்டால் நிலையத்தையே மூடிவிடுவார்கள். கொழும்பில் தனியார் கல்லூரியில் படிக்கும் மகள் கஜானிக்கும் மீதமிருந்தது சரியாக இரண்டு வருடம்.

கட்டுவதற்கு முன் நஸீரா என்ற சூழல் ஆய்வாளர் ஒரு படிவத்தோடு வந்தார். மேட்டு மான் விசிட்டரா, ரெசிடென்டா என்று அதில் கேட்டிருந்தது. பத்மநாதனுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. மரியராஜிடம் சொன்னார்:

"விசிற் எண்டா கலைச்சு விட்டிடுவாங்கள். எங்களுக்குத் தெரியாததே, தம்பி? ரெசிடன்ற் எண்டா ஒருத்தனும் கை வைக்கேலாது. அது ஒரு பக்கமா நிக்கும், கட்டடம் ஒரு பக்கமா வரும்."

"ஐடி போட்டோவுக்கு ரெண்டு காதும் தெரியணுமேண்ணே. இதுக்கு ஒண்ணரதான இருக்கு."

பத்மநாதன் ரெசிடென்டில் கோடிட்டு, எட்டு வருட டியூட்டிப் புத்தகங்களையும் அடுக்கிக் கொடுத்தார். இப்படி ஒரு ஆதாரத்தைத் தன் வேலையில் கண்டதே இல்லை என்றார் நஸீரா. அவர் போன பிறகும் வெகுநேரம் பத்மநாதன் சிரித்த முகமாகவே இருந்தார்.

ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. நிரந்தரமாக வாழும் ஆண் மானின் எல்லைக்குள் கட்டடம் கூடாது. மேட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஆள் நடமாட்டமும் கூடாது. கம்பெனி நிலையத்தை மூடியது.

மரியராஜுக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் வேலை கிடைத்தது. ஐம்பத்தொன்பது வயதுக்காரரை எடுக்க விசா தரும் எந்த கஃபீலும் முன்வரவில்லை. மார்ச் 31 அன்று பத்மநாதனின் விசா ரத்தாயிற்று. கஜானி அந்தத் தவணையோடு படிப்பை நிறுத்திவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.