இரண்டு டிராக்டர் குப்பை

கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் எச்சில் இலைகள் இடுப்புயரம் குவிந்து கிடந்தன. கல்யாணத்துக்கு வந்திருந்த பொன்னுச்சாமிக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பனவடலிசத்திரத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. புரட்டாசி மழைக்குள் எருவாகக் குப்பை அடித்தால்தான் உளுந்து விதைக்கலாம். மாடுகளை விற்ற பிறகு அந்த மண்ணுக்குப் போட அவரிடம் எதுவும் இல்லை.

"அண்ணாச்சி, ஒரு டிராக்டர் குப்பை தந்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்."

மண்டபக்காரர் சங்கரசுப்பிரமணியன் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் சிரித்தார். "ஒண்ணு என்னவே, ரெண்டா தாரேன். வண்டியும் நம்ம வண்டிதான். உம்ம புஞ்சையிலேயே கொண்டாந்து தட்டச் சொல்லுதேன்." சொல்லும்போதே வள்ளலின் களை அவர் முகத்தில் வந்துவிட்டது.

சிவகிரியில் ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்கப் போய்விட்டு இரண்டு நாள் கழித்துத்தான் பொன்னுச்சாமி புஞ்சைக்குப் போனார். இலை பேருக்குக் கிடந்தது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாட்டில், தெர்மாகோல் தட்டு. காற்று அவற்றை வரப்புவரை இறைத்திருந்தது. அவரும் மனைவி வள்ளித்தாயும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள். பொறுக்கி முடிவதற்குள் மழை வந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் புஞ்சைகளில் விதைப்பு முடிந்தது.

பொறுக்கிய சாக்குகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து மண்டபத்தின் முன்வாசலில் இறக்கத் தொடங்கினார். உள்ளே நிச்சயதார்த்தம். பட்டுச்சேலைகள் எட்டிப் பார்த்தன.

"ஏன்வே, நீருதான குப்பை கேட்டீரு?" சங்கரசுப்பிரமணியன் பல்லைக் கடித்தார். "இனாமாத் தந்ததுக்கு நொட்டை வேற சொல்லுதீரோ?"

பொன்னுச்சாமி அவருடைய வெள்ளை வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். அண்ணாச்சி என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

"குப்பைன்னா மண்ணு திங்குததுக்குப் பேருவே. சாணி, சாம்பல், சருகு, எச்சிலை. அது கெடந்தா பயிரு வரும். இது உம்ம பேரன் காலத்துக்கும் இப்படியே கெடக்கும். இதுக்குப் போயி குப்பைன்னு பேரு வைக்காதேயும். குப்பைக்குக் கேவலம்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். சங்கரசுப்பிரமணியனின் குரல் இறங்கிவிட்டது.

"அதுக்காக வாசல்ல கொண்டாந்து வச்சா எப்படிவே? எனக்கு மட்டும் இதை எங்கன வைக்க எடம் இருக்கு?"

"எடமில்லன்னு தெரியுதுல்லா," என்றார் பொன்னுச்சாமி, கடைசிச் சாக்கைத் தரையில் போட்டபடி. "அப்ப இதைக் காசு குடுத்து வாங்காதேயும்."