விறகுக் கொட்டகையில் பதினெட்டு பாட்டில்

தேசிகன் படித்தவர். அதுதான் என் ஆத்திரமே. படிக்காதவன் ஒருவன் இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நான் உலகநாதன். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டி அந்தப் பக்கத்தில் எங்கள் கடையில் மட்டும்தான் இருந்தது. அதனால் சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்சுலின் பாட்டிலை வாங்கி, பேர் எழுதிய காகிதத்தை ஒட்டி, எங்களிடமே விட்டுவிட்டுப் போவார்கள். காலையில் வந்து கையை நீட்டினால் நான் ஊசி போடுவேன். கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ரிடையரான தேசிகனும் அப்படித்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதம். பேப்பரைத் திறந்தால் சூயஸ் கால்வாய்த் தகராறு. மருந்தோ சீமையிலிருந்து அந்தக் கால்வாய் வழியாகக் கப்பலில் வர வேண்டும். தேசிகன் பேப்பரை வரி விடாமல் படிப்பவர். மூன்று டாக்டர்களிடம் போய், தன் பேரிலும், மனைவி காமு பேரிலும், மைத்துனன் பட்டாபி பேரிலுமாக ஆறு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மொத்தம் பதினெட்டு பாட்டில். காமுவுக்கும் பட்டாபிக்கும் காப்பியில் போடுகிற சர்க்கரையைத் தவிர வேறு சர்க்கரை கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு சீட்டிலும் கடை முத்திரையைக் குத்தினேன். பெரிய மனிதரிடம் எதற்கு வம்பு என்று பயந்தேன்.

"ஐஸ்பெட்டியிலயே வெச்சுட்டுப் போங்க சார்" என்றேன்.

"வேண்டாம்ப்பா. நீ இரக்கப்பட்டு எவனுக்காவது எடுத்துக் குடுத்துடுவே. ஆத்துலயே இருக்கட்டும்."

"அப்ப குடிதண்ணிப் பானை பக்கத்துல, ஈர மணல்ல பொதச்சு வெய்யுங்க. சூடு பட்டா கெட்டுப்பூடும்."

தலையாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் அன்றாட ஊசிக்குக் கடையில்தான் புதுப் பாட்டில் வாங்கினார். வீட்டில் இருந்ததைத் தொடவே இல்லை.

ஐப்பசியில் கால்வாய் அடைபட்டது. கார்த்திகை பிறந்தபோது எங்கள் கடையில் விற்க ஒரு பாட்டில் இல்லை. பட்டணத்துக் கடைகளும் கையை விரித்துவிட்டன.

அந்த வாரத்தில்தான் மாமல்லபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அப்துல் சுபஹான் மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றார். அவர் மகள் சம்சாத்துக்குப் பத்து வயது. இன்சுலினில் உயிர் வாழ்கிற குழந்தை.

"கம்பவுண்டரே, இன்னிக்குக் காலைல போட்டதோட பாட்டிலு தீந்துபோச்சு. ஒண்ணே ஒண்ணு குடு."

ஊசி நின்றால் சில நாளில் அந்தக் குழந்தை இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரைக் கையோடு தேசிகன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

தேசிகன் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "பாவம்தான். ஆனா நாளைக்கு நேக்கு வேணும்னா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்? முன்யோசனை இருக்கறவன் சேத்து வெச்சுக்கறான்" என்றார்.

"உங்க முன்யோசனை இன்னான்னு எனக்குத் தெரியும் சார். அந்த ஆறு சீட்டுல யாரு யாரு பேரு கீதுன்னு மூணு டாக்டர்கிட்டயும் போய்ச் சொல்லட்டுமா?"

அவர் முகம் செத்துப் போயிற்று. காமுவைக் கூப்பிட்டு, இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போகாமல் கொல்லைப்புறம் நடந்தாள். பின்னாலேயே போனேன்.

விறகுக் கொட்டகை. மேலே தகரக் கூரை. அதற்கடியில் பரண்மேல் ஒரு பிஸ்கட் டின்.

"இங்கியாம்மா வெச்சீங்க?"

"பின்னே? மாட்டு வயித்துலேர்ந்து எடுக்கற மருந்தாமே. பெட்டிக்குள்ள இருந்த காகிதத்தை இவர்தான் வாசிச்சுச் சொன்னார். அதைக் கொண்டு தீர்த்தப் பானைகிட்ட வெப்பாளோ?"

உடம்புக்குள் ஏற்றிக்கொள்ளலாமாம். பானைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாதாம்.

டின்னைப் பிடுங்கித் திறந்தேன். தண்ணீராகத் தெளிந்திருக்க வேண்டிய மருந்து, திரிந்த பாலைப்போலத் திப்பி திப்பியாக நின்றது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினெட்டும் அப்படியே. ஆவணி, புரட்டாசி வெயில் முழுக்கத் தகரத்தடியில் வெந்திருக்கிறது. ஒரு பாட்டில் சம்சாத்துக்கு இருபது நாள் வரும். அந்தக் குழந்தையின் ஒரு வருஷத்தை விறகோடு வைத்துப் பொசுக்கியிருக்கிறார்கள்!

நான் கத்தினேன். தேசிகன் கொட்டகை வாசலில் நின்று, "கெட்டுப் போயிடுத்தா? எல்லாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கு இல்லாமல் போயிற்றே என்ற கவலை!

கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஐஸ்பெட்டி ஞாபகம் வந்தது. அதில் ஒரு பாட்டில் இருந்தது, பாதி மருந்தோடு. மேலே தேசிகன் பேர் ஒட்டியிருந்தது.

"பாய், நாளைக்கு மொத பஸ்ல கொயந்தய இட்டுக்கினு வாங்க" என்றேன்.

அந்தப் பாதியை இரண்டு பேருக்கும் பங்கிட்டால் ஐந்து நாள் வரும். அதற்குள் பட்டணத்தில் அலைந்து இரண்டு பாட்டில் பிடித்துவிட்டேன். அது வேறு கதை. அந்த ஐந்தில் முதல் நாள் காலையைத்தான் சொல்ல வேண்டும்.

சுபஹானின் மனைவி பதருன்னிசா மகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பாட்டிலை எடுத்தபோது தேசிகன் உள்ளே வந்தார். குழந்தையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அது என்னோடதுப்பா. பேர் ஒட்டியிருக்கு."

பேர் எழுதிய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். "உங்களுது பதினெட்டு கொட்டாயில கீது சார். அதுலேர்ந்து போட்டுவுடட்டுமா?"

சம்சாத்துக்கு முதலில் போட்டேன். குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டது. தேசிகன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டார், "நாளைக்கு நேக்கு இருக்குமோல்லியோ?"

பதில் சொன்னது பதருன்னிசா. "எம் பொண்ணுக்கு இருந்தா உங்களுக்கும் இருக்கும் சார். பயப்படாதீங்க."

எனக்கு அந்தப் பெரிய மனசு கிடையாது. ஆறு சீட்டுக்கு முத்திரை குத்தின கை இது. ஊசியை அவர் கையில் வழக்கத்தைவிட அழுத்தியே இறக்கினேன்.