மூன்றாம் தொட்டித் தண்ணீர்

நாற்பத்தொரு மணி நேரம். நாற்பத்தெட்டு ஆகியிருக்க வேண்டும். பதிவேட்டில் அவள் கையெழுத்தில் நாற்பத்தெட்டு என்றுதான் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த அம்மாள் அந்த வரியின் மேலேயே விரலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் அது. மருத்துவமனையின் மூன்றாம் தொட்டியைக் கழுவி நிரப்பி மூடி வைத்திருந்தார்கள். அதன் தண்ணீரைத் திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு இரண்டு கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி, இன்குபேட்டர் என்ற சூட்டுப் பெட்டியில் வைத்தவள் அவள். கிருமி இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். புதன்கிழமை மாலை பார்க்க வேண்டியது. அன்று காலை தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. வேறு பரிசோதகர் இல்லை. மேலாளருக்கு மதியத்துக்குமேல் வெளியே கூட்டம். அறிக்கையோ அன்றைக்கே போயாக வேண்டும். மேலாளர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "ஒன்பது மணிக்கே தட்டப் பாத்துடும்மா. ஒண்ணும் இல்லன்னா நாப்பத்தெட்டுன்னு எழுதிட்டுக் கிளம்பு. மத்தத நான் பாத்துக்கறேன்." பார்த்தாள். தட்டுகள் துடைத்துவிட்டாற்போல் இருந்தன. எழுதிவிட்டு ஓடினாள். அந்த அறிக்கையை நம்பி வியாழக்கிழமை மதியம் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான்கு நோயாளிகளுக்குக் குளிர் ஜுரம்.

கூடத்தில் மேலாளருக்குக் குடை என்று பட்டப்பெயர். தன் ஆட்கள்மேல் ஒரு தூறல் விழ விடமாட்டார். ஒருமுறை யாரோ விலை உயர்ந்த கருவி ஒன்றைக் கீழே போட்டு உடைத்தபோது, தன் முழங்கை பட்டுவிட்டது என்று மேலிடத்துக்கு அவரே எழுதிக் கொடுத்தார். எங்க சார் மாதிரி யாருக்கும் வாய்க்காது என்று அவளும் வீட்டில் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை, பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியபோதுகூடச் சொன்னாள்.

இன்று உள்ளே வருமுன் நடைவழியில் நிறுத்தி, "நீ வாயே திறக்காத. உன் பேர்ல ஒரு கீறல் விழ விடமாட்டேன்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். அவருக்கும் தெரியாத ஒன்றை ஐந்து நாளாக அவள் மறைத்து வைத்திருந்தாள். ஆனால் அவர் அதற்குள் கதவைத் தள்ளிவிட்டார்.

"தட்டு சுத்தம், தண்ணி அசுத்தம். எப்படி சார்?" என்றார் அம்மாள்.

"தண்ணி புடிச்ச எடத்துல தப்பு நடந்திருக்கலாம் மேடம். நாலாவது தொட்டிக் குழாயும் பக்கத்துலயேதான் இருக்கு. எங்க பொண்ணு வேலைல அப்பழுக்கு சொல்ல முடியாது."

தண்ணீர் பிடித்து வருவது, கூடத்தில் எல்லோரும் பாட்டில் அக்கா என்று கூப்பிடுபவளின் வேலை. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். ஒரு போன் போதும், நாளையிலிருந்து வராதே என்று சொல்ல.

அக்காவைக் கூப்பிட்டார்கள். எதற்கென்று தெரியாமல் ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவள், அவள் பக்கம் குனிந்து, "என்னடி சித்தி, புள்ள உன்ன மாதிரி ஊமையா, இல்ல ஊரக் கூட்டுதா?" என்று கிசுகிசுத்தாள். புதன்கிழமை தெருமுனைவரை ஓடி வண்டி பிடித்து அவளை ஏற்றிவிட்டவளும் இதே அக்காதான்.

"எந்தக் குழாய்லம்மா புடிச்சீங்க?"

"மூணாவது தொட்டி மேடம். ரெண்டு நிமிஷம் ஓட விட்டேன், கிருமி சாக குழாய் வாயச் சுட்டேன், அப்புறம்தான் பாட்டில நீட்டினேன். பதினோரு வருஷமா இதானே பொழப்பு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"அன்னைக்கு எத்தனை எடத்துல எடுத்தீங்க?" மேலாளர் மெதுவாகக் கேட்டார்.

"ஒன்பது சார்."

"ஒன்பது எடம். வெயில் வேற. மூணும் நாலும் ஒட்டினாப்ல இருக்கு. மாறியிருக்கலாம் இல்லையா? நான் குத்தம் சொல்லலம்மா. நாம எல்லாம் மனுஷங்கதானே."

புதன்கிழமை அவளிடம் பேசிய அதே குரல். அதே இதம்.

அக்கா விரலால் காற்றில் மூன்று என்று எழுதிக் காட்டினாள். "தொட்டி மேல மூணுன்னு பெயிண்ட்ல எழுதியிருக்கும் சார். பாத்த ஞாபகம் நல்லா இருக்கு." விரல் தயங்கி இறங்கியது. "இருக்குன்னுதான் நெனைக்கிறேன்."

அம்மாள் எழுதத் தொடங்கினார்.

"மேடம், ஆஸ்பத்திரில ஜுரம் வந்துச்சுன்னாங்களே, அந்த நாலு பேரும் பொழைச்சுட்டாங்களா?" என்றாள் அக்கா.

"மூணு பேர் தேறிட்டாங்க."

"நாலாவது ஆளு?"

அம்மாள் தாளைத் திருப்பினார். அக்கா தன் வலது கையை விரித்து, முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். "அப்ப என் கையாலயா?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. எழுந்து நின்றபிறகுதான் தான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"அக்கா, நீங்க சரியாத்தான் எடுத்தீங்க."

"உக்காரும்மா. நான் பேசிட்டிருக்கேன்ல," என்றார் மேலாளர். மேசைக்கு அடியில் அவர் கை, உட்கார் உட்கார் என்று காற்றை அமுக்கியது.

"நீங்க எனக்காகத்தான் பேசறீங்க சார். தெரியும்." அம்மாள் பக்கம் திரும்பினாள். "நாப்பத்தெட்டு இல்ல மேடம். நாப்பத்தொண்ணு."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாளின் விரல் பதிவேட்டை விட்டு எழுந்தது.

"யார் சொல்லி அப்படி எழுதினே?"

அவள் மேலாளரைப் பார்க்கவில்லை. அதை அவர் சொல்லட்டும், சொல்லாமல் போகட்டும். அவள் சொல்ல வேண்டியது வேறு.

"அதுக்கு மேல ஒண்ணு இருக்கு மேடம். சாருக்கும் தெரியாது. போற அவசரத்துல தட்ட வெளிய எடுக்காம இன்குபேட்டர்லயே விட்டுட்டுப் போயிட்டேன். வியாழக்கிழமை காலைல வந்து திறந்தேன். ரெண்டு தட்டுலயும் தட்டு கொள்ளாம புள்ளி. எண்ண முடியல. யாருக்கும் தெரியாம தட்டக் கழுவி அழிச்சுட்டேன்."

அக்கா இன்னும் கையை மடக்கவில்லை.

"அப்ப மணி ஒன்பது மேடம். அங்க தொட்டிய இன்னும் திறக்கல."